இந்த வருஷம் காட்டில் என்ன காய்த்திருக்கிறது?

மூன்று நாள் ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் இரண்டு அணில் வந்தன. இரண்டாம் நாளும் அதே இரண்டு அணில். மூன்றாம் நாள் அணில்களுக்கே என்னைப் பார்த்து அலுத்துப் போயிருக்க வேண்டும், அவையும் வரவில்லை. கரடி எதுவும் கடைசிவரை வரவில்லை.

இத்தனைக்கும் அந்த இடத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கவில்லை. அக்டோபர் முதல் வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்த இடம். மலைச்சரிவின் நடுவில் திண்ணை போல ஒரு சமதளம், அதில் கரடி தின்னும் கொட்டைகளை உதிர்க்கும் பத்துப் பன்னிரண்டு வெள்ளை ஓக் மரங்கள். அடியில் சருகெல்லாம் பன்றி புரட்டியது போலக் கிடந்தது. பத்தடிக்கு ஒரு விட்டை. ஒரு மரத்தில் கரடி ஏறிக் கிளையை முறித்துக் கீழே தள்ளியிருந்தது. அன்றைக்கே மனதுக்குள் கரடியைச் சுட்டு, கீழே இறக்கி, பக்கத்தில் நின்று படமும் எடுத்தாயிற்று. நவம்பரில் வேட்டைப் பருவம் தொடங்கிய அன்று விடியும் முன்பே போய் அங்கே உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் விறைத்துப் போன கால்களோடு கேம்புக்குத் திரும்பினேன். அடுப்புப் பக்கத்தில் இருந்த பெரியவர் முழுக்கதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, அங்கே இப்போது தின்ன என்ன மிச்சம் இருக்கிறது?" என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. நான் பார்த்தது ஆறு வாரத்துக்கு முந்தைய பந்தி. இலை எடுத்து, பந்தலைப் பிரித்து, வாழைமரத்தை வெட்டிப் போட்ட பிறகு கல்யாண வீட்டில் போய் உட்கார்ந்து, சோறு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில், லைக்கமிங் கவுன்டியில். பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. நியூஜெர்சியிலிருந்து வரும் நண்பர்கள், "மரத்தைத் தவிர இங்கே என்னடா இருக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வீட்டிலிருந்து வடக்கே காரை எடுத்தால் அரை மணி நேரத்தில் மலை, காடு, மறுபடி மலை. கூட வேலை பார்ப்பவர் ஒருவரின் மாமனாருக்கு பைன் கிரீக் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு கேம்ப் இருக்கிறது. கேம்ப் என்றால் இங்கே கூடாரம் என்று அர்த்தமில்லை. காட்டுக்குள் இருக்கும் மரவீடு அது. விறகு அடுப்பு, அடுக்குக் கட்டில்கள், சுவர் முழுக்கப் பழைய படங்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும். நவம்பர் வந்தால் பதினான்கு பேர் குறட்டை விடுவார்கள்.

அந்த மாமனாரைத்தான் பெரியவர் என்கிறேன். வயது 75க்கு மேல். வேலை பார்த்த காலமெல்லாம் மரக் கம்பெனிகளுக்காகக் காட்டில் நடந்து, நிற்கிற மரத்தை வைத்தே எத்தனை பலகை தேறும் என்று கணக்குச் சொன்னவர். கரடி பற்றி எதைக் கேட்டாலும் அவர் மரத்தைப் பற்றித்தான் பதில் சொல்வார். முதல் வருஷம் அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

பென்சில்வேனியாவில் இரை வைத்துக் கரடியை வரவழைப்பது சட்டப்படி குற்றம். மெய்னிலும் மினசோட்டாவிலும் அப்படி இல்லை. பீப்பாயில் பழைய டோனட்டையும் பாப்கார்னையும் கொட்டி, கரடியை அந்த இடத்துக்குப் பழக்கி, எதிரே பரண் கட்டி உட்காரலாம். மெய்னில் சுடப்படும் கரடிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் சுடப்படுகின்றன. இங்கே காடு எங்கே பந்தி போடுகிறதோ அங்கே நாம்தான் போயாக வேண்டும். துப்பாக்கி வேட்டையின் முக்கியமான பருவமோ நான்கே நாள். நவம்பர் நான்காம் வியாழன் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி செவ்வாயோடு முடிந்துவிடும். அந்த நான்கு நாளில் கரடி எதைத் தின்னும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் சாப்பாட்டையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? மான் என்றால் நவம்பரில் பெண்மான் பின்னால் புத்தி கெட்டுத் திரியும். கரடிக்கு அந்தச் சோலி எல்லாம் ஜூன், ஜூலையோடு முடிந்துவிடுகிறது. இலையுதிர் காலத்தில் அதை ஆட்டி வைப்பது பசி ஒன்றுதான். நாளில் 20 மணி நேரம் வரை மேயும். 15,000 முதல் 20,000 கலோரி வரை உள்ளே தள்ளும். குகைக்குள் போய்ப் படுத்துவிட்டால் அப்புறம் வசந்தம் வரை சாப்பாடு, தண்ணீர் எதுவும் கிடையாது. சேர்த்த கொழுப்பில்தான் ஓட்ட வேண்டும்.

பெண் கரடிக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. கோடையில் இணை சேர்ந்து கரு உண்டாகிவிடும். ஆனால் அது உடனே கருப்பையில் பதியாது, ஒரு பொட்டாக மிதந்துகொண்டே இருக்கும். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ, உடம்பில் போதுமான கொழுப்பு சேர்ந்திருந்தால்தான் பதியும். சேராவிட்டால் கரைந்துவிடும். ஜனவரியில் குட்டி பிறக்குமா பிறக்காதா என்பதை ஒரு விதத்தில் ஓக் மரம்தான் முடிவு செய்கிறது.

எனவே கரடி இருக்கும் இடம் வாரத்துக்கு வாரம் மாறும். ஆகஸ்ட் கடைசியில் பாறை மேடுகளில் அவுரிநெல்லியும் ஹக்கிள்பெர்ரியும் முடிகிற நேரம். செப்டம்பரில் பிளாக் செர்ரி. கரடி மேலே ஏறிக் கிளைகளைத் தன் பக்கம் இழுத்து முறித்துப் போட்டிருக்கும், அடியில் கிடக்கும் விட்டை முழுக்கச் செர்ரி விதை. அதே மாதத்தில்தான் மண்ணுக்குள் கூடு கட்டும் மஞ்சள் குளவியைத் தோண்டிப் புழுவைத் தின்னும். காட்டுப் பாதையில் திடீரென்று தேங்காய் அளவுக்குக் குழி, சுற்றிலும் பிய்ந்த காகிதம் போலக் கூட்டின் துண்டுகள். பார்த்தால் கிட்டே போகாதீர்கள். கரடி போயிருக்கும், குளவி போயிருக்காது. நான் போனேன், நான்கு இடத்தில் வாங்கினேன்.

நூறு வருஷத்துக்கு முன்னால் விவசாயம் பார்த்துக் கைவிட்டுப் போன நிலங்கள் இந்த மலைகளில் நிறைய. வீடு இருந்த இடத்தில் கல் அஸ்திவாரம் மட்டும் கிடக்கும். பக்கத்தில் நாலைந்து ஆப்பிள் மரம் காட்டோடு காடாகி இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும். பழைய வரைபடத்தில் பண்ணை இருந்த இடங்களைக் குறித்துக்கொண்டு போய்த் தேடுவார் பெரியவர். மக்காச்சோளம் நிற்கும் வயல் காட்டை ஒட்டி இருந்தால் அதுவும் ஒரு பந்திதான். கரடி வயலுக்கு நடுவில் உட்கார்ந்து சுற்றிலும் இருக்கும் தட்டைகளை ஒடித்துப் போட்டு வட்டமாக ஒரு மைதானம் போட்டுவைத்திருக்கும். ஆனால் நவம்பருக்குள் ஆப்பிள் அழுகிவிடும், சோளமும் பெரும்பாலும் அறுத்தாகிவிடும். கடைசிவரை தாங்குவது ஓக் கொட்டைதான்.

ஓக் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். நான் கோட்டை விட்டதே இந்த 'பொதுவாக'வில்தான்.

இங்கே ஓக் இரண்டு சாதி. வெள்ளை ஓக் இலையின் விளிம்பு விரல் நுனி மாதிரி உருண்டு இருக்கும். சிவப்பு ஓக் இலை ஒவ்வொரு முனையிலும் முடி போல ஒரு கூர் வைத்து முடியும். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும். மானும் வான்கோழியும் அணிலும் கரடியும் முதலில் காலி செய்வது அதைத்தான். அப்படியே தப்பி மிஞ்சினாலும் அது இலையுதிர் காலத்திலேயே முளைத்துவிடும். மூன்று நாள் நான் உட்கார்ந்திருந்த மரத்தடியில் மிஞ்சிக் கிடந்த ஒன்றிரண்டு கொட்டைகள் ஓடு வெடித்து, சிவப்பாக ஒரு வேரை மண்ணுக்குள் இறக்கியிருந்தன. அது கண்ணில் பட்டது. பட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சிவப்பு ஓக் கொட்டை வாயில் போட்டால் பாக்கை விட மோசமாகத் துவர்க்கும். ஆனால் கொழுப்பு அதிகம். முளைப்பது அடுத்த வசந்தத்தில்தான் என்பதால் குளிர்காலம் முழுக்கச் சருகுக்கடியில் கெடாமல் கிடக்கும். அணிலுக்கு இது தெரியும். வெள்ளையைக் கையோடு தின்றுவிட்டுச் சிவப்பைப் புதைத்து வைக்கும். நவம்பர் கரடியைத் தேடுகிறவன் சிவப்பு ஓக் முகட்டுக்குத்தான் போக வேண்டும். அணிலுக்குத் தெரிந்தது எனக்கு 40 வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அடுத்த ஆகஸ்டில் பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். காற்றில் ஒடிந்து விழுந்திருந்த சிவப்பு ஓக் கிளை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "என்ன பார்க்கிறாய்?" பச்சையாக, குல்லாய் போட்டுக்கொண்டு நாலைந்து கொட்டைகள். சொன்னேன். "அது இந்த வருஷத்துக்கு. இன்னும் நுனிக்குப் போ." இந்த வருஷம் விட்ட இளங்குச்சியில், இலைக்காம்பு சேரும் இடத்தில், மிளகை விடச் சின்னதாகப் பழுப்பு மொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் அவற்றை இலை மொட்டு என்று நினைத்திருந்தேன். அவைதான் அடுத்த வருஷத்துக் கொட்டைகள்.

வெள்ளை ஓக் வசந்தத்தில் பூத்து அதே இலையுதிர் காலத்தில் கொட்டையை உதிர்த்துவிடும். சிவப்பு ஓக்குக்கு இரண்டு பருவம் தேவை. இந்த வசந்தத்தில் பூத்தது ஒரு வருஷம் மிளகு அளவில் சும்மா உட்கார்ந்திருந்து, அடுத்த கோடையில்தான் பெருக்கும். அதனால் சிவப்பு ஓக் கிளை ஒன்றைக் கையில் எடுத்தால் இரண்டு வருஷத்துக் கணக்கு ஒரே குச்சியில் இருக்கும். உள்பக்கம் இந்த வருஷம், நுனியில் அடுத்த வருஷம். மே மாதம் பூக்கும் நேரத்தில் கடும் உறைபனி விழுந்தால் வெள்ளை ஓக்குக்கு அடி அதே வருஷம் விழும். சிவப்பு ஓக்குக்கு அந்த அடி ஒரு வருஷம் தள்ளி வெளியே தெரியும். அந்த நிமிஷம் நான் கரடியைச் சுத்தமாக மறந்துபோனேன். அத்தனை வருஷமாக அந்த மரங்களுக்கு அடியில் நடந்திருக்கிறேன், ஒரு குச்சியைக்கூட நின்று பார்த்ததில்லை.

அதற்கப்புறம் ஆகஸ்ட் என்றால் கழுத்தில் பைனாகுலரோடு மரத்து உச்சியைப் பார்த்து நிற்பதுதான் வேலை. இலை பச்சையாக இருக்கும்போது கொட்டையும் பச்சை, கண்ணுக்குச் சுலபத்தில் அகப்படாது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வானத்தை ஒட்டித் தெரியும் கிளை நுனியைப் பார்க்க வேண்டும். கழுத்து வலிக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் குல்லாயோடு சேர்ந்து விழும் கொட்டைகளைக் கண்டு ஏமாறக் கூடாது. பெரும்பாலும் அவை வண்டு துளைத்தவை அல்லது வளராமல் போனவை. நல்ல கொட்டை குல்லாயைக் கழற்றி வைத்துவிட்டு விழும். சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும். சொத்தை மிதக்கும், நல்லது அடியில் போய் உட்காரும். நம் ஊரில் விதைநெல்லுக்குப் பார்ப்பது மாதிரிதான்.

உச்சியைப் பார்த்தது போதும், இனி தரை. விட்டையைப் பற்றி எழுதினால் முகம் சுளிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கரடி விட்டை என்பது அது நேற்று சாப்பிட்டதன் பட்டியல். மென்று விழுங்குவதில் கரடி அவ்வளவு பொறுமைசாலி இல்லை, பாதி அப்படியே வெளியே வந்துவிடும். ஆப்பிள் தின்றது என்றால் கூழ் போல, புளித்த வாசனையோடு. சோளம் என்றால் மஞ்சள் தோல். ஓக் கொட்டை என்றால் வெளிறிய பழுப்பில், கடலைப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊற வைத்தது போல இருக்கும், நடுநடுவே ஓட்டுச் சில்லு. குச்சியால் கிளறிப் பார்ப்பேன். உள்ளே ஈரமாக இருந்து, அடியில் அமுங்கிய சருகு இன்னும் நிறம் மாறாமல் இருந்தால் புதுசு. மேலே புதிதாக இலை விழுந்து மூடியிருந்தால், அது எத்தனை நாள் பழசு என்று அந்த இலையே சொல்லிவிடும். அக்டோபரில் நான் பார்த்த அத்தனை விட்டையும் உண்மைதான். தேதிதான் தப்பு.

சருகு புரட்டியதிலும் ஆள் அடையாளம் உண்டு. வான்கோழி கீறினால் முக்கோணம் போல ஒரு பக்கம் குவிந்திருக்கும். மான் குளம்பால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டும். கரடி கைகளை அகல விரித்து வாரும், வீட்டு வாசலைச் சீமாரால் பெருக்கியது போலப் பட்டை பட்டையாகத் தெரியும்.

பெரியவர் சொன்னவற்றில் எனக்கு ஜீரணமாக அதிக நாள் ஆனது ஒன்று உண்டு. கொட்டை நன்றாகக் காய்த்த வருஷம் வேட்டைக்காரனுக்கு நல்ல வருஷம் என்றுதானே நினைப்போம்? மலை முழுக்கக் காய்த்துக் கிடந்தால் கரடி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எழுந்து நூறடி நடந்து, தின்று, அங்கேயே படுத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிப்பது சிரமம். ஆனால் சாப்பாடு இருக்கும்வரை குகைக்குள் போகாது, நவம்பர் கடைசியிலும் வெளியே இருக்கும். காய்ப்பு பொய்த்த வருஷத்தில் இதெல்லாம் தலைகீழ். கரடி மைல் கணக்கில் அலையும். செப்டம்பர், அக்டோபரில் குப்பைத் தொட்டியிலும் சோள வயலிலும் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் நவம்பர் பருவம் தொடங்குவதற்குள் பல கரடிகள், அதிலும் சினைக் கரடிகள், போய்ப் படுத்துவிடும். மற்ற இடமெல்லாம் பொய்த்து ஒரு முகட்டில் மட்டும் காய்த்திருக்கும் வருஷம்தான் தோது. அந்த ஒரு முகட்டைக் கண்டுபிடிக்க ஆகஸ்டிலிருந்து நடக்க வேண்டும்.

இந்த ஏற்ற இறக்கம் முன்னால் இவ்வளவு இருந்ததில்லை. இந்த மலைகளில் ஒரு காலத்தில் செஸ்நட் மரம் நிறைந்திருந்தது. அது பூப்பது ஜூன் கடைசி, ஜூலையில். உறைபனிக்கெல்லாம் அப்போது வேலையே இல்லை. அதனால் வருஷம் தவறாமல் காய்க்கும். 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் அந்த மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தடுப்பதற்கென்றே 1911இல் பென்சில்வேனியா ஒரு ஆணையம் போட்டது, தடுக்க முடியவில்லை. அரை நூற்றாண்டுக்குள் கிழக்கு அமெரிக்கா முழுக்க முந்நூறு, நானூறு கோடி மரங்கள் போயின. அந்த இடத்தை நிரப்பியது ஓக்தான். ஆனால் ஓக் ஒரு வருஷம் கொட்டும், இரண்டு வருஷம் கையை விரிக்கும். இடையில் ஸ்பாஞ்சி மாத் என்ற அந்துப்பூச்சியின் புழு வந்து மே, ஜூனில் இலையை மொட்டையடித்துவிட்டால் மரம் பிழைப்பதே பெரிய காரியம், காய்ப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பீச் மரத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. பீச் என்றால் கடற்கரையோ பழமோ இல்லை. யானை நிறத்தில் வழுவழுப்பான பட்டை உள்ள மரம். அதன் கொட்டை சின்னது, மூன்று மூலை உள்ளது, கொழுப்பு நிறைந்தது. வடக்கே மெய்னில் பீச் காய்த்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியில் குட்டிகள் அதிகம், காய்க்காத வருஷத்துக்கு அடுத்து குறைவு என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் 1890 வாக்கில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் வந்திறங்கிய ஒரு செதில் பூச்சியும் அதன் பின்னாலேயே ஒரு பூஞ்சையும் சேர்ந்து பீச் பட்டையைப் புண்ணாக்கிக்கொண்டு தெற்கே இறங்கின. போதாததற்கு 2012இல் ஒஹையோவில் பீச் இலையைத் தாக்கும் இன்னொரு நோய் தென்பட்டது. இப்போது அதுவும் இங்கே வந்துவிட்டது. "நம் மலையில் பீச்சைக் கணக்கிலேயே எடுக்காதே, போய்விட்டது," என்று பெரியவர் முதல் வருஷமே சொல்லியிருந்தார். நானும் எடுக்கவில்லை.

ஊரில் பேசும்போது எல்லோரும் கேட்பது, "கரடியையா சுடுகிறீர்கள்?" என்பதுதான். என் சொந்த ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். இலுப்பைப் பூ உதிரும் நாட்களில் விடிகாலையில் தோப்புப் பக்கம் போகாதே, கரடி வரும் என்று ஆச்சி சொல்லி வளர்ந்தவன் நான். அது தேன் கரடி, இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தொடவே விடாது. விடவும் கூடாது, இருப்பதே கொஞ்சம். இங்கே இருப்பது வேறு கரடி, வேறு நிலைமை. பென்சில்வேனியாவிலும் 1970களில் கரடி குறைந்துபோய்ச் சில வருஷம் வேட்டையையே நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் பெருகியது. 2019இல் ஒரே வருஷத்தில் 4,653 கரடிகள் சுடப்பட்டன, அதுவரை இல்லாத எண்ணிக்கை. அப்படியும் மாநிலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இது எனக்கு முழுச் சமாதானமா என்று கேட்டால், இல்லை. சுட்டதைச் சாப்பிடுகிறோம். எங்கள் வீட்டில் குக்கரில் எட்டு விசில் விட்ட பிறகுதான் மிளகு போட்டு வறுப்பது. கரடிக் கறியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம், அரைவேக்காடு ஆபத்து. மனைவி குழம்பைத் தொடுவார், கறியைத் தொட மாட்டார்.

மூன்றாம் வருஷத்துக்கு வருகிறேன். அந்த மே மாதம் நடுவில் இரண்டு ராத்திரி கடும் உறைபனி விழுந்து வெள்ளை ஓக் பூவெல்லாம் கருகிப்போனது. சிவப்பு ஓக்கின் மிளகு மொட்டுகளை நான் முந்தின ஆகஸ்டிலேயே பார்த்து வைத்திருந்தேன், அவை தப்பியிருந்தன. ஆகஸ்டில் பைனாகுலரோடு ஆறு முகடு ஏறி இறங்கினேன். நான்கில் ஒன்றுமில்லை, ஒன்றில் சுமார். கேம்புக்கு வடமேற்கே ஒரு நீள முகட்டில் மட்டும் கிளை தொங்கத் தொங்கக் காய்த்திருந்தது. அதன் கீழ்ச்சரிவில் இடுப்பளவு மவுண்டன் லாரல் புதர், ஆள் நுழைந்தால் சட்டையைப் பிடித்து இழுக்கும். கரடி படுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நவம்பர் தொடக்கத்தில் போனபோது முகட்டில் புது விட்டை கிடந்தது. ஓட்டுச் சில்லு, வெளிறிய பழுப்பு, அடியில் நிறம் மாறாத சருகு.

கேம்பில் வரைபடத்தை விரித்து முதல் தடவையாக நான் ஒரு இடத்தைக் காட்டினேன். பெரியவர் தலையசைத்தார். காடு கலைப்பது என்று முடிவாயிற்று. எட்டுப் பேர் வரிசையாகப் புதருக்குள் நடந்து வருவது, ஆறு பேர் மேலே தப்பிக்கும் வழிகளில் நிற்பது. எல்லோரும் தலையிலும் நெஞ்சிலும் முதுகிலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. நான் நடந்தவர்களில் ஒருவன். இருபது நிமிஷம் லாரல் கிளைகளோடு மல்லுக்கட்டியிருப்பேன். முன்னால் எங்கோ கிளை ஒடியும் சத்தம் கேட்டது. மனிதன் நடந்தால் வரும் சத்தம் இல்லை, மூட்டையை உருட்டிவிட்டது போல. அப்புறம் மேலே இரண்டு வெடி. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சத்தம்தான். சுட்டது நண்பனின் தம்பி.

பெண் கரடி. அதோடு குட்டிகள் எதுவும் இல்லை. கறுப்பு என்று சொல்கிறோம், வெயில் பட்டால் முடி நுனியில் தேன்நிறம் ஓடுகிறது. நான் அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், உள்ளங்கை இன்னும் சூடாக இருந்தது. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்யும்போது பெரியவர் எப்போதும் ஒன்று செய்வார். இரைப்பையைத் தனியாக எடுத்து, ஒரு கல்லின் மேல் வைத்து, கத்தி நுனியால் திறப்பார். நான் பக்கத்திலேயே நின்றேன். உண்மையைச் சொன்னால் என் சிவப்பு ஓக்கைப் பார்க்கத்தான் நின்றேன். இவ்வளவு நடந்திருக்கிறேன், அந்த ஒரு அங்கீகாரமாவது வேண்டாமா?

ஆவி பறந்தது. புளித்த மாவு வாசனை. மஞ்சளும் பழுப்புமாகக் கூழ், அதில் ஓக் கொட்டையும் இருந்தது, கொஞ்சம். மீதி முழுக்க, கரும்பழுப்பில் பளபளவென்று, மூன்று மூலையாக உடைந்த மெல்லிய ஓடுகள். பெரியவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு ஓட்டை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார்.

"பீச்," என்றார்.

கரடி என் முகட்டுக்குக் கீழே படுத்திருந்தது, சாப்பிட்டதோ வேறு எங்கோ. போகிற வழியில் என் ஓக் கொட்டையில் நாலு வாய் போட்டிருக்கும், அவ்வளவுதான்.

செக் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். சுட்ட கரடியை 24 மணி நேரத்துக்குள் காட்டியாக வேண்டும். எடை போட்டார்கள், கோரைப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பல் ஒன்றைப் பிடுங்கி உறையில் போட்டார்கள். அதன் வேரைக் குறுக்கே சீவி நிறமேற்றிப் பார்த்தால் மரத்தில் போல வளையம் தெரியும், வருஷத்துக்கு ஒன்று. பெண் கரடியில், குட்டிக்குப் பால் கொடுத்த வருஷத்து வளையம் ஒடுங்கியிருக்கும். பெரியவர் வரிசையில் நின்ற நேரமெல்லாம் எதுவும் பேசவில்லை. அவர் பீச்சைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், துப்பாக்கி இல்லாமல், ஆரஞ்சு தொப்பியோடு தனியாகப் போனேன். அடுத்த நாள் மான் சீசன் தொடங்கினால் காடு முழுக்க ஆள். வடக்கு பார்த்த ஈரமான சரிவுகளில்தான் பீச் இருக்கும் என்று ஓடை ஓடையாக மேலே ஏறினேன். முதல் ஓடையில் இருந்த பீச்செல்லாம் பட்டை முழுக்கக் கொப்புளம் வெடித்து, பாதி ஒடிந்து நின்றன. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது ஓடையின் தலைப்பில், ஹெம்லாக் மரங்களுக்கு நடுவே, நோய் கண்ட ஏழெட்டு பீச்சுக்குப் பின்னால் ஒன்று நின்றது. பட்டையில் ஒரு கொப்புளம் இல்லை. அடியிலிருந்து மேல்வரை நகக்கீறல். கீழே இருந்தவை பழையவை, மரம் பருக்கப் பருக்க அகன்று கறுத்துத் தழும்பாகியிருந்தன. அவற்றின் மேலேயே மெல்லிசாக, இன்னும் வெளிறாத ஐந்து ஐந்து கோடுகள். உச்சியில் உள்பக்கமாக இழுத்து முறித்த கிளைகள் காய்ந்த இலையோடு கூடு போலக் குவிந்திருந்தன. தரை பட்டை பட்டையாக வாரப்பட்டிருந்தது. சருகை விலக்கி ஒரு கொட்டையை எடுத்து நகத்தால் உரித்து வாயில் போட்டேன். முந்திரிக்கும் பாதாமுக்கும் நடுவில் ஒரு ருசி, கடைசியில் லேசாகக் கசப்பு.

அன்று ராத்திரி பெரியவருக்கு போன் போட்டேன். எந்த ஓடை என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். பட்டை எவ்வளவு உயரம் வரை சுத்தமாக இருக்கிறது, பக்கத்தில் கன்று ஏதாவது முளைத்திருக்கிறதா, சுற்றளவு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், கேம்பில் வேறு யாரிடமாவது சொன்னாயா என்றார். இல்லை என்றேன். "நல்லது," என்று வைத்துவிட்டார்.

ஆகவே எந்த ஓடை என்று இங்கேயும் எழுதப் போவதில்லை.